சார்ஜிங் நிலையத்துக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கம்பி யார் கையில்?

2018 ஏப்ரல் 13 அன்று மத்திய மின் அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. மின்சாரச் சட்டம், 2003-ன்படி மின்சாரத்தை விநியோகிக்கவோ விற்கவோ உரிமம் வேண்டும். அப்படியானால் தெருமுனையில் காருக்குச் சார்ஜ் ஏற்றிக் காசு வாங்குபவரும் உரிமம் எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்றது அமைச்சகம். மின்கலத்துக்குள் போகும் மின்சாரம் வேதி ஆற்றலாக மாறிச் சேமிக்கப்படுகிறது. ஆகவே நிலையக்காரர் செய்வது மின் விற்பனை அல்ல, ஒரு சேவை என்பது அதன் வாதம்.

வாதத்தில் இயற்பியல் கொஞ்சம், சாமர்த்தியம் நிறைய. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள்ளும் அதே வேதியியல்தான் நடக்கிறது. ஆனாலும் பலன் பெரிது. மின்வாரியத்தின் ஏகபோகத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் பெட்ரோல் பங்க், ஓட்டல், வணிக வளாகம் என யார் வேண்டுமானாலும் சார்ஜிங் தொழிலில் இறங்கலாம் என்றாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் முதல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் அவை மாற்றி எழுதப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பது 2024 செப்டம்பரில் வந்த பதிப்பு.

'சேவை' என்று முத்திரை குத்தியதற்கு ஒரு விலையும் உண்டு. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, சேவைக்கு உண்டு. மைசூரு வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் தானே சார்ஜிங் நிலையம் நடத்துவதால், வாடிக்கையாளரிடம் வாங்கும் மின்கட்டணப் பகுதிக்கு வரிவிலக்கு உண்டா என்று கர்நாடக ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டது. கிடையாது, மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் என்று 2023 ஜூலையில் பதில் வந்தது. வீட்டு பிளக்கில் ஏற்றும் யூனிட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை; பொது நிலையத்தில் ஏற்றினால் 18 சதவீதம். வீட்டில் கார் நிறுத்த இடமில்லாதவர்தான் பொது நிலையத்தை அதிகம் நம்பியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உரிமம் போனதே தவிர, மின் விநியோக நிறுவனத்தின் பிடி போகவில்லை. சட்டப்படி சார்ஜிங் நிலையம் இன்னொரு மின்நுகர்வோர், அவ்வளவுதான். இணைப்பு எப்போது கிடைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் செலவு யார் தலையில், எந்தக் கட்டணப் பட்டியலில் பில் வரும் என்ற மூன்றும் விநியோக நிறுவனமும் அதை மேற்பார்க்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் முடிவு செய்பவை. பொதுச் சார்ஜிங்கை ஒழுங்குபடுத்துவது என்றால், நடைமுறையில் அது பெரும்பாலும் விநியோக நிறுவனத்தை ஒழுங்குபடுத்துவதுதான்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர். கார்களுக்கு இங்கே பரவலாக வைக்கப்படும் வேகச் சார்ஜர் 60 கிலோவாட் திறன் கொண்டது. அது வெளியே தரும் அளவு. உள்ளே மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது 5 முதல் 7 சதவீதம் வெப்பமாகப் போகும் என்பதால், கம்பியிலிருந்து அது இழுப்பது 63 கிலோவாட்டுக்கு மேல். 415 வோல்ட் மும்முனையில் கணக்கிட்டால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 90 ஆம்பியர். தெருவில் நிற்கும் 100 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் பளுவின் அளவு) டிரான்ஸ்ஃபார்மரின் முழுத் தகுதியே 133 ஆம்பியர்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஒரு சார்ஜர் எடுத்துக்கொள்ளும். 63 கேவிஏ என்றால் தகுதி 84 ஆம்பியர். அது சார்ஜர் ஒன்றையே தாங்காது. மாலை ஏழு மணிக்கு ஏற்கெனவே வீடுகளின் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் தெருவில் இதை மாட்டினால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் கடைக்கோடி வீடுகளில் மின்னழுத்தம் சரியும்.

அதனால் இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே, அந்த இடத்துக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வருகிறது, அதன் தகுதி என்ன, மாலை உச்சநேரத்தில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது உத்தமம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: இடம் பிடித்து, சார்ஜரும் வாங்கி இறக்கிவிட்டு, பிறகு சர்வீஸுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சார்ஜர் சில வாரத்தில் வந்துவிடும்; 11 கேவி கேபிள் இழுத்து 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் நிறுத்த மாதக்கணக்கு ஆகும். சாலையைத் தோண்ட உள்ளாட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ வாங்க வேண்டிய அனுமதி இந்தக் கணக்கில் சேராத இன்னொரு காத்திருப்பு.

மின்சாரச் சட்டம் இணைப்புக்குக் கெடு வைக்காமல் இல்லை. பிரிவு 43-ன்படி கேட்டவருக்கு மின்சாரம் தருவது விநியோக நிறுவனத்தின் கடமை. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். மின்நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் புதிய இணைப்புக்கான கெடுவைப் பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகத்தில் 15 நாள் என்று குறைத்தது. மின்மயமான பகுதியில் 150 கிலோவாட் வரையிலான இணைப்புக்கு ஒவ்வொரு தடவையும் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடாமல், சராசரி அடிப்படையில் நிர்ணயித்த தொகையை வாங்கிக்கொண்டு இணைப்புத் தர வேண்டும் என்பது அந்த விதிகளின் 2020 மூல வடிவிலேயே இருக்கிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை இரண்டு இடத்தில். கெடு ஓடத் தொடங்குவது விண்ணப்பம் 'முழுமையானது' என்று ஏற்கப்பட்ட நாளிலிருந்து. ஒரு காகிதம் குறைந்தாலும் கடிகாரம் ஓடாது. இரண்டாவது, இருக்கும் கம்பியிலிருந்து கொடுக்கக்கூடிய இணைப்புக்குத்தான் இந்தக் கெடு. லைனை நீட்டவோ துணைமின்நிலையத்தை விரிவாக்கவோ வேண்டியிருந்தால் அது வேறு கணக்கு. வேகச் சார்ஜர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில்தான் விழுகின்றன.

செலவுக்கு வருவோம். பிரிவு 46, லைனுக்கும் கருவிக்கும் ஆகும் நியாயமான செலவை விண்ணப்பதாரரிடம் வசூலிக்க விநியோக நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் பழக்கமான 'டெபாசிட் வேலை'யில், மதிப்பீட்டுத் தொகையைக் கட்டினால் வாரியம் வேலையைச் செய்யும். அல்லது மேற்பார்வைக் கட்டணம் செலுத்தி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்து நாமே செய்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மர் நம் சொத்து அல்ல. முதலில் வந்து முழுச் செலவையும் ஏற்றவர் போட்ட லைனில், அடுத்த ஆண்டு பக்கத்து மனைக்காரர் சொற்பச் செலவில் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். இதனால்தான் எல்லாரும் இன்னொருவர் முதலில் போடட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இதை உடைக்க ஒரு வழி, மின்கம்பியிலிருந்து சார்ஜரின் வாசல் வரைக்குமான வேலையைப் பொதுப் பணத்தில் செய்து முடித்து, சார்ஜரை மட்டும் தனியாரிடம் விடுவது. கலிஃபோர்னியா 2020-ல் ஏபி 841 என்ற சட்டத்தின் மூலம் இந்தப் பக்கம் திரும்பியது: மீட்டருக்கு முன்னால் உள்ள வலையமைப்புச் செலவை மின்நிறுவனம் தன் எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் பரப்பி மீட்டுக்கொள்ளும். இந்தியா மானிய வழியில் போயிருக்கிறது. 2024-ல் அறிவிக்கப்பட்ட பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி பொதுச் சார்ஜிங்குக்கு. அதன் செயல்பாட்டு நெறிமுறை, வணிக வளாகம், நெடுஞ்சாலையோரம் போன்ற இடங்களுக்குச் சார்ஜருக்கு மானியம் தராமல், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், மின்பலகை அடங்கிய மேல்நிலைக் கட்டமைப்புக்கு 80 சதவீதம் தருகிறது. இதற்கு முந்தைய மானியத் திட்டமான ஃபேம்-2 காலத்தில் எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 நிலையங்களுக்காக 800 கோடி ஒதுக்கியபோது எல்லார் பேச்சும் சார்ஜர் எண்ணிக்கையைப் பற்றியே இருந்தது. முடிச்சு எங்கே இருக்கிறது என்பது இப்போதாவது பிடிபட்டிருக்கிறது.

அடுத்தது கட்டணம். இதில்தான் பல நிலையங்கள் படுத்துவிடுகின்றன. வணிக மின்கட்டணத்தில் இரண்டு பகுதி உண்டு: ஓடிய யூனிட்டுக்கு ஒன்று, ஒப்பந்த மின்பளுவுக்கு மாதாமாதம் நிலைக்கட்டணமாக இன்னொன்று. கணக்குக்காக நிலைக்கட்டணம் கேவிஏவுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவாட் சார்ஜருக்கு 65 கேவிஏ எடுத்தால் மாதம் 19,500 ரூபாய், ஒரு வண்டிகூட வராவிட்டாலும். புதிய நிலையம் 5 சதவீதப் பயன்பாட்டில் ஓடுகிறது என்றால், அதாவது ஒரு நாளில் 72 நிமிடம் முழுத்திறனில், மாதம் 2,160 யூனிட். நிலைக்கட்டணம் மட்டுமே யூனிட்டுக்கு 9 ரூபாயைத் தாண்டும். பயன்பாடு 20 சதவீதமானால் அதே சுமை 2 ரூபாய் 26 காசாகக் குறையும். வண்டிகள் பெருகிய பிறகு தாங்கக்கூடிய செலவு, வண்டிகள் பெருகும் முன்பே நிலையத்தை மூட வைக்கும்.

இதனால்தான் 2022 நெறிமுறைகள் ஒற்றைப் பகுதிக் கட்டணம் என்றன: நிலைக்கட்டணம் இல்லை, யூனிட் விலை மட்டும், அதுவும் மின் வழங்கலின் சராசரிச் செலவைத் தாண்டக் கூடாது. 2018-ல் இருந்தது அதற்கு மேல் 15 சதவீதம் வரை என்ற வரம்பு. 2024 பதிப்பு இந்தச் சலுகையை 2028 மார்ச் 31 வரை நீட்டி, நேரத்தையும் உள்ளே கொண்டுவந்தது: காலை 9 முதல் மாலை 4 வரை சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரம் 1.3 மடங்கு. சராசரி 8 ரூபாய் என்றால் பகலில் 5.60, இரவில் 10.40. 30 யூனிட் ஏற்றும் காருக்கு 144 ரூபாய் வித்தியாசம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது, மாலையில் தட்டுப்பாடு; வாகனங்களைப் பகலுக்குத் தள்ளினால் விநியோக நிறுவனத்துக்கும் லாபம். அலுவலகத்தில் பகல் முழுக்க நிற்கும் கார்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். இரவு முழுக்க நிற்கும் டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் அபராதம் மாதிரி.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பிரிவு 62-ன்படி மாநில ஆணையத்திடம் இருக்கிறது. மத்திய நெறிமுறை ஆணையத்துக்கு வழிகாட்டலாம், கட்டளையிட முடியாது. அதனால் டெல்லி போன்ற இடங்களில் நிலைக்கட்டணமே இல்லாமல் தாழ்வழுத்தத்தில் யூனிட் 4.50 ரூபாய் என்று எளிய கட்டணம் இருந்த காலத்திலேயே, வேறு சில மாநிலங்கள் நிலைக்கட்டணத்தை விடாமல் பிடித்திருந்தன. முதலீடு செய்பவர் படிக்க வேண்டியது அமைச்சகத்தின் செய்திக்குறிப்பை அல்ல, தன் மாநில ஆணையத்தின் கட்டண ஆணையை. அதிலும் பொது நிலையத்துக்கு ஒரு வகை, தன் வண்டிகளுக்கு மட்டும் ஏற்றும் டிப்போவுக்கு வேறு வகை என்று பிரித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

விநியோக நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நிலைக்கட்டணம் என்பது வெறும் பறிப்பு அல்ல. ஆண்டு முழுக்க 65 கேவிஏவைத் தயாராக வைத்திருக்கும் செலவு அது. அதை இந்த நிலையத்திடம் வாங்காவிட்டால், மளிகைக்கடைக்காரரும் தறிக்காரரும் கட்டுகிறார்கள். தொடக்க காலச் சலுகை என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நிரந்தரமாக்காமல், பயன்பாடு ஏற ஏற நிலைக்கட்டணமும் படிப்படியாக ஏறும் ஏற்பாடுதான் நேர்மையானது. முடிவு தேதியை ஒவ்வொரு தடவையும் மூன்று ஆண்டு தள்ளிவைப்பது அல்ல.

வாடிக்கையாளர் தரும் விலையில் மின்கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணம் சேரும். நெறிமுறைகளின் 2023 ஏப்ரல் திருத்தம் இதற்கு உச்சவரம்பு சொன்னது: மெதுவான ஏசி (மாறுமின்சார) சார்ஜிங்குக்குப் பகலில் யூனிட்டுக்கு 2.50, மற்ற நேரம் 3.50, டிசி (நேர்மின்சார) வேகச் சார்ஜிங்குக்கு 10, 12, ஜிஎஸ்டி தனி. இந்தக் கணக்கில் மறைந்து கிடப்பது இழப்பு. நிலையம் பில் கட்டுவது மீட்டரில் ஓடிய ஏசி யூனிட்டுக்கு. வாடிக்கையாளரிடம் வாங்குவது வண்டிக்குள் போன டிசி யூனிட்டுக்கு. 6 சதவீதம் இழப்பு என்றால் 7 ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டின் அடக்க விலை 7.45. அதோடு வண்டி இல்லாத நேரத்திலும் திரை, மோடம், விசிறிக்கு 100 வாட் வரை ஓடினால் மாதம் 72 யூனிட். குறைந்த பயன்பாட்டில் இதுவே இன்னொரு 3 சதவீதம்.

விநியோக நிறுவனமே நிலையம் நடத்தலாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2019/944 உத்தரவின் 33-ஆம் பிரிவில் கூடாது என்றது: விநியோக வலையமைப்பை நடத்துபவர் சார்ஜிங் முனைகளை வைத்திருக்கவோ இயக்கவோ கூடாது. திறந்த ஏலம் விட்டும் யாரும் முன்வரவில்லை என்றால் மட்டும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு விலக்கு. அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலிக்க வேண்டும். கலிஃபோர்னியா 2011-ல் தடை போட்டு, தனியார் முதலீடு போதாது என்று கண்டு 2014 டிசம்பரில் தளர்த்தியது. திட்டம் திட்டமாக ஆராய்ந்து அனுமதிப்போம் என்பது புதிய நிலை. 2016-ல் சான் டியாகோ மின்நிறுவனம் 3,500 முனைகள் வரை தானே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றது.

இந்தியாவில் தடை இல்லை. பிரிவு 51, ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு விநியோக நிறுவனம் வேறு தொழில் செய்யலாம் என்கிறது. நிபந்தனைகள் கடுமையானவை: தனிக் கணக்கு வைக்க வேண்டும், விநியோகத் தொழிலின் பணம் அந்தத் தொழிலைத் தாங்கக் கூடாது, வருவாயில் ஒரு பங்கு வலையமைப்புக் கட்டணத்தைக் குறைக்கப் போக வேண்டும். இந்தத் தனிக் கணக்கை ஆணையங்கள் எவ்வளவு தீவிரமாகக் கேட்டு வாங்குகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விநியோக நிறுவனம் இறங்கினால் மட்டுமே நடக்கும் வேலையும் உண்டு. கேரள மின்வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் ஆட்டோக்களுக்காகத் தன் மின்கம்பங்களிலேயே சார்ஜிங் பெட்டிகளைப் பொருத்தித் தொடங்கிய திட்டம் அப்படிப்பட்டது. கம்பம் அவர்களுடையது, கம்பி அவர்களுடையது, 3.3 கிலோவாட்டுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், நிலம் வேண்டாம். தனியார் யாருக்கும் இந்த வசதி கிடையாது. லாபம் அதிகமில்லாத, ஆனால் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கு மிகத் தேவையான இந்த வேலையை விநியோக நிறுவனம் எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலை வேகச் சார்ஜரைப் போட்டியிடுபவர்களிடம் விடுவதுதான் சரியான பங்கீடு என்று தோன்றுகிறது.

சிக்கல் இன்னொரு இடத்தில். பொதுவாக மாநில விநியோக நிறுவனமே ஒருங்கிணைப்பு முகமையாகவும் இருக்கும் என்று தொடக்க நெறிமுறைகள் ஏற்பாடு செய்தன. எங்கே நிலையம் வர வேண்டும் என்று திட்டமிடுவது, போட்டியாளருக்கு இணைப்புத் தருவது, தானும் நிலையம் நடத்துவது எல்லாம் ஒரே கூரைக்குள். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இடமிருக்கிறது என்ற தகவல் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சந்தையில் போட்டி சமமாக இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வாரியாக மிச்சத் திறனை வரைபடத்தில் வெளியிடச் சொல்வது ஆணையத்துக்கு ஒரு உத்தரவு எழுதும் வேலை. இடம் தேடி அலையும் அத்தனை பேருக்கும் அது மாதங்களை மிச்சப்படுத்தும்.

எத்தனை நிலையம் என்பதற்கு நெறிமுறையில் இலக்கு உண்டு: 2030-க்குள் நகரங்களில் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கி.மீ.க்கு ஒன்று. வைத்தது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பிரிட்டன் 2023 விதிகளில், வேகச் சார்ஜர் வலையமைப்பு ஆண்டு சராசரியில் 99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சார்ஜர் ஒன்றுக்கு ஆண்டில் சுமார் 88 மணி நேரம்தான் பழுதுக்கு அனுமதி. அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் முதல் தகராறு, நின்றதற்கு யார் காரணம் என்பதாக இருக்கும். இங்கே சார்ஜர் ஏற்ற மறுப்பதற்குக் காரணம் எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருப்பதில்லை. எர்த் குழி காய்ந்து எதிர்ப்பு ஏறினாலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்ட் தெரிந்தாலும், மாலையில் மின்னழுத்தம் சரிந்தாலும் சார்ஜர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடேறினால் திறனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். சிம் கார்டுக்குச் சிக்னல் இல்லாவிட்டால் பணம் வாங்க முடியாமல் சும்மா நிற்கும். நல்லவேளையாக ஓசிபிபி என்ற, சார்ஜரும் மைய மென்பொருளும் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது மொழியில் பேசும் சார்ஜர்கள் எர்த் கோளாறு, குறை மின்னழுத்தம், அதிவெப்பம் என்று தனித்தனிப் பிழைக்குறியீடு அனுப்புகின்றன. அந்தப் பதிவை நேர முத்திரையோடு ஆணையத்துக்குக் கொடுத்தால், நிலையக்காரரின் பழுது எது, விநியோக நிறுவனத்தின் மின்தடை எது என்று பிரித்துவிடலாம்.

பாதுகாப்பு விதிகள் மத்திய மின்சார ஆணையத்தினுடையவை, தெளிவானவை: ஒவ்வொரு முனைக்கும் தனிச் சுற்று, 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு, சாக்கெட் தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், நீட்டிப்பு ஒயரும் அடாப்டரும் கூடாது. அடுக்ககங்களில் மூன்றாம் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு ஸ்கூட்டருக்கு ஏற்றுபவர்கள் இதில் எதையும் கடைப்பிடிப்பதில்லை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. வாகன நிறுத்துமிடத்தில் தனி மீட்டர் கிடைக்காததுதான் காரணமாக இருந்தது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு, மின்வாகனச் சார்ஜிங்குக்கென்று தனி இணைப்புக் கேட்டால் விநியோக நிறுவனம் தர வேண்டும். இதை எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டு மீட்டரிலிருந்து அடுத்தவர் வண்டிக்குக் காசு வாங்கி ஏற்றினால் அது பிரிவு 126-ன்படி அங்கீகரிக்கப்படாத பயன்பாடாகக் கருதப்பட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிடப்படலாம். வண்டிகளுக்கென்று தனி சர்வீஸ் எண் வாங்கிவிட்டு, முதல் பில் வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் கட்டண வகை மின்வாகனத்துக்கு உரியதா, பழக்கதோஷத்தில் வணிக வகையிலேயே போட்டுவிட்டார்களா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.